பக்கத்து சீட்டு பிரேக்

டீச்சரின் வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில், பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில், எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கால் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். எதிரில் இருப்பவர் தண்ணீர்க் குவளையை மேஜை விளிம்போரம் வைத்தால் போதும், கால் படக்கென்று தரையை மிதிக்கும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தரைவிரிப்பு அந்த ஓரிடத்தில் மட்டும் நூல் நூலாகப் பிரிந்துபோனதால், அவள் வீட்டுக்காரர் அங்கே ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி ஒட்டி வைத்திருந்தார்.

காலைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? பத்தொன்பது வருஷமாக அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுக்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து சீட்டிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் மட்டும் இருக்காது. ஒரு நாளைக்கு ஏழு பேர். ஏழு பேரின் நடுங்கும் கைகளை நம்பி, மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல், காலைத் தூக்கி வைத்தபடி ஊரைச் சுற்றிச் சுற்றி வருவாள். மாணவர்கள் ஓட்டுநர் பள்ளி வாசலில் ஏறி வாசலில் இறங்குவார்கள். வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றுவது முதலாளியின் வேலை. டீச்சர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள். ஓட்டத் தெரியாமல் இல்லை. ஓட்ட வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

தேவை எப்படி வந்தது என்றால், அவளிடம் கற்றுக்கொண்ட ரொட்டிக்கடைக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மலைச்சாலைப் பந்தயம் பார்க்க அழைத்துப்போனதில் வந்தது. பெரிய பந்தயமெல்லாம் இல்லை. சாலையைக் காலையிலிருந்து மதியம் வரை மூடிவிட்டு, வேறு வேலை பார்க்கிறவர்கள் பொழுதுபோக்காக ஓட்டுவது. நாலு கிலோமீட்டர், ஒன்பது வளைவு. ஒரு நிமிஷத்துக்கு ஒரு கார் கிளம்பும். கடிகாரம்தான் எதிராளி. வந்திருந்த கார்களைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் பதினைந்து, இருபது வயசான கிழடுகள். ஒன்றுக்குக் கதவு ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். இன்னொன்றின் பின்பக்கத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஆனால் அவை சீறிக்கொண்டு ஐந்தாவது வளைவுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ரொட்டிக்கடைக்காரி அந்த வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் போட்டாள். இவள் கற்றுக்கொடுத்த மாதிரியே, பாடம் பிசகாமல். டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஒரு விசித்திரம் நடந்தது. கயிற்றுக்குப் பின்னால் புல்தரையில் நின்றிருந்த அவளுடைய வலது கால், தானாக நாலு விரல் அளவு வலப்பக்கம் நகர்ந்து மிதித்தது. பிரேக்குக்கு வலப்பக்கம் இருப்பது ஆக்சிலரேட்டர் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கே விதிமுறைத் தாளை வாங்கிவந்தாள். கார் பதினைந்து வயதுக்குக் குறையக்கூடாது. சின்ன எஞ்சினாக இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு காரைப் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி வரியில்தான் கத்தி இருந்தது: ஐம்பது வயது முடிந்தவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை, ஒருமுறை ஓடி முடித்து உறுப்பினரானவர்கள், டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓடலாம். அடுத்த பந்தயம் ஆறு வாரத்தில் இருந்தது. டீச்சருக்கு ஐம்பது முடிய, அந்தப் பந்தயத்திலிருந்து பதினோரு நாள். விட்டால் போச்சு.

நாத்தனாரிடம்தான் முதலில் சொன்னாள். நாத்தனார் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குற்றம் கண்டுபிடிப்பவளை நினைத்துவிடாதீர்கள். இவள் குற்றம் கண்டுபிடிப்பாள்தான், ஆனால் பஸ்களில். பஸ் பணிமனையில் பிரேக் மெக்கானிக். எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கைகள். கல்யாணமாகி அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு நின்றவள், இப்போது முப்பத்தாறு வயதுக்காரி. அண்ணி இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

தாளை முழுக்கப் படித்துவிட்டு நாத்தனார் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"காரை வாங்கிட்டுச் சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

"அப்படின்னா நானும் வரேன்."

அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மயிரிழைக் கீறலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற கண். மூன்றாம் நாள் காலை, சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்தார். சத்தம் போடவில்லை. ஐம்பதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று எழுதியவன் கெட்டிக்காரன் என்று மட்டும் சொன்னார். அப்புறம் பல் துலக்கும் பசைக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்று, இதில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, படி என்றார். டீச்சர் படித்தாள். அடுத்த நாள் மாத்திரை அட்டை. அதற்கு அடுத்த நாள் அதையே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு. கடைசியில், கண் குறை சொல்ல முடியாது என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

கார் தேடும் படலம் தொடங்கியது. டீச்சரின் சேமிப்புக்கு நல்ல சோபா செட்கூட வராது. அந்தப் பணத்துக்குள் கார், அதுவும் மலையேறும் கார். வேலை முடிந்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். டீச்சர் பஸ்ஸில் உட்காரமாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றுகொண்டே வருவாள். இறங்கும் இடம் வருவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே மணியடிக்கக் கை போகும்.

முதல் கார் உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவருடையது. சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பார்த்ததும் டீச்சருக்குப் பிடித்துப்போனது. நாத்தனார் காரைச் சுற்றிக்கூட வரவில்லை. நேராகப் போய் எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே அடுப்பு பத்த வச்சிட்டீங்க போல," என்றாள்.

உடற்பயிற்சிக்காரர் இப்போதுதான் கடைக்குப் போய்வந்தேன் என்றார். பரவாயில்லை, ஆறட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்று நாத்தனார் அவருடைய பளு தூக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். சூடான எஞ்சின் கோளாறை மறைக்கும், குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது என்பது அவள் தொழிலில் தெரிந்த விஷயம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளப்பியபோது பின்குழாயிலிருந்து நீலப் புகை எழும்பி, பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களெல்லாம் இருமினார்கள். இருந்தாலும் வந்ததற்கு ஒரு சுற்றுப் போனார்கள். உடற்பயிற்சிக்காரர் ஓட்டினார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வளைவில் தப்பான கியரில் போவதைக் கவனித்துச் சொன்னாள். அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது கார் ஒரு பூக்கடைக்காரருடையது; அடித்தகடு துருவேறி, நாத்தனாரின் விரல் உள்ளே போய்விட்டது. மூன்றாவதை விற்க வந்தவர் சாவியைத் தொலைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் கிளப்பினார். நாலாவது காரின் பிரேக்கைப் பற்றி நாத்தனார் பேச மறுத்துவிட்டாள். மூன்று வாரம் ஓடிப்போனது.  மாணவர்கள் ஓட்டும்போதும் அவள் கண் தெருவில் நிற்கும் கார்கள் மேலேயே இருந்தது. தூசி படிந்த கார் எதைப் பார்த்தாலும், விற்பீர்களா என்று கேட்டுத் துண்டுச் சீட்டு எழுதிக் கண்ணாடியில் செருகிவிட்டு வந்தாள்.

ஐந்தாவதாக வந்தது ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரரின் வெள்ளைக் கார். பதினேழு வயது. உறை போட்டு மூடி வைத்து, ஞாயிறுதோறும் துடைத்து, கோடையில் நிழலும் மழையில் கூரையுமாக வளர்த்த கார். கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நாத்தனார் ஓட்டினாள். டீச்சர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கார் ஓசையில்லாமல் கிளம்பியது. எல்லாப் பக்கமும் கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. உலுக்கல் இல்லை, உறுமல் இல்லை. டீச்சரின் கால்கூட ஒரு நிமிஷம் சும்மா இருந்தது.

"இதுல யாரு வேணா பயமில்லாம ஓட்டிப் பழகலாம் பாப்பா. இதையே முடிச்சிடுவோம்."

நாத்தனார் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க பந்தயத்துக்குக் கார் பாக்குறீங்களா, லைசென்ஸ் டெஸ்டுக்குப் பாக்குறீங்களா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு."

"மூணு வாரத்துல அஞ்சு கார் பாத்தாச்சு. ஒண்ணையாவது நீங்க ஓட்டினீங்களா?"

டீச்சர் எண்ணிப் பார்த்தாள். சிவப்புக் காரில் எந்தப் பக்கம் ஏறினாள்? இந்தப் பக்கம். பூக்கடைக்காரர் காரில்? இந்தப் பக்கம்தான். கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் ஸ்டியரிங் பக்கம் கை காட்டியபோதும், அவள் கால்கள் காரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமே வந்து நின்றிருக்கின்றன. அதை அவளும் கவனிக்கவில்லை, விற்க வந்தவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தயத்துக்குக் கார் தேடுகிறவள், பக்கத்து சீட்டின் சுகத்தைப் பார்த்துக் கார் தேடியிருக்கிறாள். 

இறங்கி அந்தப் பக்கம் போனாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கிளப்பி, நகருக்கு வெளியே போகும் வளைந்த சாலையில் திருப்பினாள். இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கில் உயிரே இல்லை. மாவு கரைக்கிற மாதிரி சும்மா சுற்றியது. பிரேக்கை மிதித்தால் பஞ்சில் மிதிப்பதுபோல் கால் இறங்கிக்கொண்டே போனது. வருஷக்கணக்காக ஓடாமல் நின்ற காரின் ரப்பர்க் குழாய்களெல்லாம் ஊறி உப்பிப்போயிருக்கும் என்று நாத்தனார் சொன்னாள். பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர், இருபது கிலோமீட்டருக்கு மேல் நான் இதை ஓட்டினதே இல்லையம்மா என்று பெருமையும் பயமுமாகச் சொன்னார். காரைப் பத்திரமாகக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டார்கள். அவர் நன்றி சொல்லி, திரும்ப உறை போட்டு மூடினார்.

பரிசோதனைக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளியில் ரெண்டாம் நம்பர் வண்டியை மாதக் கடைசியில் உடைக்க அனுப்பப்போவதாக முதலாளி சொன்னார். பதினாறு வயதுக்கு மேல் பள்ளியில் வைத்திருக்கக்கூடாது என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதாம். டீச்சர் அதை மழை வரும் என்று யாரோ சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டாள். அது ஒரு மங்கிய மஞ்சள் கார். கூரைமேல் பலகை, பின்னாலும் கதவுகளிலும் பெரிய எழுத்தில் பள்ளியின் பெயர். பதினோரு வருஷமாக அவள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டு முக்காலியை யாராவது ஏறெடுத்துப் பார்ப்பார்களா?

அன்று மூன்றாவதாக வந்தவர் தையல்காரர். துணியில் மயிரிழை பிசகாத அந்தக் கை, கியர்க் கம்பியைத் தொட்டால் மட்டும் உதறும். இரண்டாவது கியருக்குப் போவதற்குப் பதில், பதற்றத்தில் கம்பியைத் தப்பான பக்கம் தள்ளிவிட்டார். அது மூன்றாவதில் விழுந்தது. விழுந்தது என்பதைவிட, எண்ணெய் போட்ட மேஜை இழுப்பறை மூடுவதுபோல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஒரு முனகல் இல்லை.

டீச்சரின் கால் மிதிக்கத் தயாராக இருந்தது; மிதிக்கவில்லை. "இன்னொரு தடவை அதே மாதிரி தப்பாப் போடுங்க," என்றாள். தையல்காரர் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். அவள் விடவில்லை. நாலாவது வரைக்கும் போடச் சொன்னாள். பாடம் முடிந்ததும் வாசலில் நின்றபடியே நாத்தனாருக்கு போன் செய்தாள்.

"ஸ்கூல் வண்டியா? வேணாம் அண்ணி. கிளட்சை மென்னு துப்பியிருப்பாங்க."

"கிளட்ச் எட்டு மாசத்துக்கு முன்னாடி போட்டது. பதினோரு வருஷத்துல ஆறு கிளட்ச், எல்லாம் என் கண்ணு முன்னாடி. எஞ்சின் ஒருநாளும் கத்தினதில்ல. தெனமும் ஓடியிருக்கு, நின்னு ஊறல. மூணாவது கியரு யாரும் தொடவே இல்ல பாப்பா. முப்பதுல போறவங்களுக்கு மூணு எதுக்கு?"

 முன்மூடி ஆறட்டும், வந்து பார்க்கிறேன் என்றாள் நாத்தனார்.

நாத்தனார் இரண்டு மணி நேரம் வண்டிக்கு அடியில் கிடந்தாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. டீச்சர் ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, முதலாளியின் காலண்டரில் நாட்களை மூன்று தடவை எண்ணினாள். கடைசியில் நாத்தனார் வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

"ஒண்ணும் ரெண்டும் கிழவி. மூணும் நாலும் இன்னும் பெட்டி பிரிக்காத புதுப்புடவை. அடித்தகடு சுத்தம். ரெண்டாவது மட்டும் முரண்டு பண்ணும்."

"அதுக்கு வழி எனக்குத் தெரியும். ஒரு மூச்சு விட்டுப் போட்டா விழும். பதினோரு வருஷமா எல்லாருக்கும் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இந்தத் தடவை காரைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக ஸ்டியரிங் பக்கம் ஏறினாள். என்ன வேடிக்கை பாருங்கள், பதினோரு வருஷம் கூடவே இருந்த வண்டியை அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. அதன் ஒவ்வொரு முக்கலும் முனகலும் காதுக்குத் தெரிந்திருந்தது, கைக்குத்தான் புதிது. வாசலைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறி, மூன்றாவது, நாலாவது. திரும்பி வந்தபோது முதலாளி, இரும்புக்கடைக்காரன் தருவதைக் கொடுத்தால் போதும் என்றார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை: "டீச்சர், போர்டைக் கழட்டிட்டு ஓட்டுங்க. பந்தயத்துல கடைசியா வந்தா என் ஸ்கூல் பேரு கெட்டுப்போகும்."

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் டீச்சருக்கே சொல்லத் தெரியாது. நாத்தனாரின் பணிமனை நண்பர்கள் கூரைக்குள் இரும்புக்குழாய்க் கூண்டு பற்றவைத்தார்கள். பின்சீட்டைக் கழற்றினார்கள். தோளிலும் இடுப்பிலும் இறுக்கும் பெல்ட், தீயணைப்புச் சிலிண்டர், புது பிரேக் கட்டைகள், புதுக் குழாய்கள். எழுத்துகளைச் சுரண்டி எடுத்தபோது அடியில் இருந்த மஞ்சள் மங்காமல் இருந்தது. பள்ளியின் பெயர் அப்படியே தெரிந்தது. அதை மறைக்க நேரமில்லை. பக்கத்து சீட்டின் கிளட்ச்சையும் பிரேக்கையும் கழற்ற நாத்தனார் ஸ்பேனரோடு குனிந்தபோது டீச்சர் தடுத்தாள். பரிசோதனைக்கு முன்னால் எடுத்தால் போதும், பழகும்வரை இருக்கட்டும் என்றாள். நாத்தனாரும் மறுக்கவில்லை. பக்கத்தில் உட்காரப்போவது அவள்தானே.

ஞாயிறு காலை, மூடிக்கிடந்த ஒரு சிமெண்ட் ஆலைக்குள் பயிற்சி. வளைவுகளுக்குப் பதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்று கொஞ்சம் வேகமாக. மூன்றாவது சுற்றில் டீச்சருக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது. டயர் எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்கப் பார்க்கிறது என்று இருக்கை வழியாகத் தெரிந்தது. நாலாவது கூம்பை நெருங்கினாள். இன்னும் இல்லை, இன்னும் இல்லை, இதோ இப்போது என்று அவள் நினைப்பதற்குள், வண்டி தலையில் அடிவாங்கியதுபோல் குப்புறக் குனிந்தது. டயர் அலறியது. பின்பக்கம் சுழன்று வந்து கூம்பைத் தட்டிவிட்டு, வண்டி குறுக்காக நின்றது. எஞ்சின் அணைந்தது. கூம்பு மட்டும் நிதானமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"நீ மிதிச்சியா?"

"இல்லையே அண்ணி," என்றாள் நாத்தனார். "நீங்கதான் மிதிச்சீங்க. நல்லா நிறுத்தினீங்க."

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தாள். டீச்சருடைய சொந்த வாக்கியம் அது. ஒரு எழுத்து மாறவில்லை. டீச்சர், நீங்க மிதிச்சீங்களா என்று கேட்டவர்களிடமெல்லாம், மனசு உடைந்துவிடக்கூடாதே என்று, பத்தொன்பது வருஷமாக அதைத்தான் சொல்லிவந்தாள். இல்லையே, நீங்கதான் மிதிச்சீங்க, நல்லா நிறுத்தினீங்க. டீச்சருடைய கால் இன்னும் ஆக்சிலரேட்டர் மேல்தான் இருந்தது. நாத்தனாரின் கால் பக்கத்து சீட்டு பிரேக்கை விட்டு இன்னும் இறங்கவில்லை.

பயமாக இருந்திருந்தால் பரவாயில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையில் இருக்கும் கவளத்தை யாரோ தட்டிப் பறித்ததுபோல் இருந்தது. எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருப்பாள்? அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் தலையாட்டியிருப்பார்கள்.

"பாப்பா, ஸ்பேனர் எங்க?"

"அண்ணி, அது இல்லாம நான் எப்படி உக்கார்றது? பஸ்ஸுக்கு பிரேக் போட்டுக் குடுத்துட்டு நான் கீழதான் நிப்பேன். ஏறினதில்ல."

"நான் ஸ்டியரிங் இல்லாம உக்காந்திருந்தேனே."

 நாத்தனார் கதவைத் திறந்து, பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து, தானே குனிந்து கழற்றினாள். பிரேக் மிதியின் ரப்பர், வலது ஓரத்தில் மட்டும் டீச்சரின் செருப்பு அளவுக்குத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதைப் பின்னால் போட்டார்கள். அன்று இன்னும் எட்டுச் சுற்றுப் போனார்கள். நாத்தனார் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், அது வரைக்கும் சொல்லலாம்.

திங்கட்கிழமை தையல்காரர் நாலாம் நம்பர் வண்டியில் வந்தார். சந்திப்பில் ஒரு சைக்கிள் குறுக்கே வர, வண்டி சடக்கென்று நின்றது. வழக்கம்போல் திரும்பிக் கேட்டார்: "டீச்சர், நீங்க மிதிச்சீங்களா?"

டீச்சர் ஒப்புக்கொண்டாள். "ஆமாங்க. நான்தான் மிதிச்சேன்."

தையல்காரரின் முகம் தொங்கிப்போனது.  அப்புறம் மெல்ல, போன வாரம் நான் நிறுத்தியதெல்லாம் என்று இழுத்தார்.

"அதுல ரெண்டு உங்களோடது," என்றாள். "பள்ளிக்கூடத்து முன்னாடி ஒண்ணு. பாலத்துக்கிட்ட ஒண்ணு. ரெண்டும் சுத்தமான பிரேக்கு."

அவர் மனசுக்குள் அந்த இரண்டையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்தது. அன்று மூன்றாவதாக ஒன்றைத் தானே நிறுத்தினார்.

பரிசோதனை நாளில், குண்டு டார்ச்சோடு ஒருவர் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். பக்கத்து சீட்டின் கீழே மிதிகளைக் கழற்றிய இடத்தில் இருந்த ஓட்டைகளைக் கண்டு புருவத்தைத் தூக்கினார். டீச்சர் காரணத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டார். பிறகு டீச்சரின் பிறந்த தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, நீங்கள் இளைஞிதான் என்று சொல்லி, வண்டி தேறியதற்கு அடையாளமாக முன்கண்ணாடியில் வில்லையை ஒட்டினார். டீச்சர் அந்த வில்லையை வீடு போவதற்குள் நாலு தடவை தொட்டுப் பார்த்தாள்.

பந்தய நாள் வந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் ஐந்தாவது வளைவில், கயிற்றுக்குப் பின்னால், கையில் பிளாஸ்க்கோடு நின்றார். அந்த இடத்தை அவரேதான் தேர்ந்தெடுத்தார்; அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும் என்றார். முப்பத்து நாலு கார்கள். டீச்சருக்கு இருபத்தொன்றாவது இடம். முன்னால் இருந்த கார் கிளம்பிப் போய், அறுபது வினாடி. அறுபது வினாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவளுடைய மூச்சே அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது.

கொடி இறங்கியது.

"நூறு மீட்டர், இடது, மூணாவது கியர்," என்று நாத்தனார் நோட்டைப் பார்த்துக் கத்தினாள். போனது. "வலது, சின்னது." போனது. எஞ்சின் பதினாறு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த சத்தத்தையெல்லாம் வெளியே விட்டது. மரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பச்சைச் சுவராக ஓடின. நாலாவது வளைவுக்குப் பிறகு நீண்ட நேர்சாலை. புதுப்புடவை பிரிந்தது, வண்டி நாலாவது கியரில் இதுவரை போகாத இடத்துக்கெல்லாம் போனது. அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டொம். கொஞ்சம் விட்டு, டொம், டொம். என்ன கழன்றதோ என்று நினைக்க நேரமில்லை.

"அஞ்சாவது, வலது, ரொம்பத் திரும்பும், ரெண்டாவது கியர் அண்ணி, ரெண்டாவது!"

இன்னும் இல்லை. இன்னும் இல்லை. இப்போது. டீச்சர் மிதித்தாள். பிரேக் கல்லாகப் பிடித்தது. கியரைத் தள்ளினாள். விழவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தாள். வளைவு வந்துகொண்டே இருந்தது. கை கம்பியை இறுக்கிப் பிடித்தது. அப்போது பக்கத்து சீட்டிலிருந்து யாரோ அலுப்பில்லாமல் பேசுவதுபோல் ஒரு குரல் கேட்டது, அவளுடைய குரல்தான்: அவசரமில்ல, ஒரு மூச்சு விட்டுப் போடுங்க. கையைத் தளர்த்தினாள். ஒரு மூச்சு விட்டாள். கியர் விழுந்தது. வண்டி வளைவின் உள்ளோரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. கயிற்றுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்க் மட்டும் மின்னியது.

மீதி நாலு வளைவும் நினைவில் தங்கவில்லை. கோட்டைத் தாண்டி நிறுத்தியபோது இருவரும் பெல்ட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் காரும் வந்து சேர்ந்த பிறகு நேரச் சீட்டு வந்தது. முப்பத்து நாலில் இருபத்தேழாவது. பள்ளியின் பெயர் இன்னும் கதவில் தெரிந்துகொண்டிருந்தது.

"ஏதோ டொம் டொம்னு கேட்டுச்சே, என்ன?" என்றாள் டீச்சர்.

நாத்தனார் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். மிதி இருந்த இடத்தில் தகடு கிண்ணம்போல் குழிந்திருந்தது.

அன்று மாலை நாத்தனார் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், வலது காலை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிகால் வீங்கியிருந்தது. எதிரில் டீச்சர் புது உறுப்பினர் அட்டையை உப்புக் குப்பியில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஆசை தீந்துச்சா அண்ணி?"

"ரெண்டாவது கியரை மாத்தணும் பாப்பா. அதுல மட்டும் மூணு வினாடி போச்சு. அடுத்தது பதினாலு வாரத்துல இருக்கு."

"நான் வரல."

"சரி."

"தகட்டுல ஒரு இரும்புப் பட்டை வச்சுத் தரணும். அப்புறம் யோசிக்கிறேன்."

டீச்சரின் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டும் கேட்காததுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி கைதவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் உடனே நிமிரவில்லை. அவர் ஒட்டிய ரப்பர்த் துண்டு ஆளில்லாமல் கிடந்தது. அதற்கு நாலு விரல் வலப்பக்கம், மனைவியின் முன்பாதம் விரிப்பை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது; அங்கே ஏற்கெனவே இரண்டு நூல் எழும்பியிருந்தது.

நிமிர்ந்து கரண்டியை மேஜைமேல் வைத்தார். கத்தரிக்கோலையும் ரப்பரையும் எடுத்துவர எழுந்து போனார்.